மடியா, பிணியா?

திருக்குறளிலே மடியின்மை என்று ஓர் அதிகாரம் உண்டு. அது 61 ஆவது. மருந்து என்றும் ஓர் அதிகாரம் உண்டு. அது 95 ஆவது. இரண்டும் பொருட்பாலிலேயே உள்ளன. இரண்டையும் நாம் படித்திருக்கின்றோம், பிள்ளைகளுக்கும் படிப்பிக்கின்றோம். எனினும், வீட்டில் ஒருவர் எழமாட்டாமல் படுக்கையிலே கிடக்கும்போது, எந்த அதிகாரத்தை விரித்து அவருக்குச் சொல்வது என்பதிலேதான் நம்மவர் தடுமாறுகின்றனர். பெரும்பாலும் மடியின்மையையே விரிக்கின்றனர். விரிக்கவேண்டியது மருந்தாய் இருந்துவிட்டால் அதனால் வருங் கேடு சிறிதன்று.

இக்காலத்து மருத்துவர் மனச்சோர்வு என்று வழங்கும் நோயைப் பற்றியே இங்கே சொல்ல வந்தேன். நான் வைத்தியன் அல்லேன், தமிழ் படிப்பிப்பவன். வைத்தியர் நூல்களிற் கற்றதையும், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம்மவர் வீடுகளிற் கண்டதையும் வைத்தே சொல்லுகின்றேன். இந்நோயைப் பொறுத்தவரை தமிழ் படித்தவனுக்கும் ஒரு வேலை இருக்கின்றது. பெயர் தவறினால் மருந்தும் தவறும்.

துன்பத்தைக் குறிக்கத் தமிழிலே சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. துயரம், கவலை, ஏக்கம், விசனம், வாட்டம், விரக்தி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பிரிவினால் மேனி நிறம் மாறுவதற்குப் பசலை என்று தனிப்பெயரே வைத்தவர்கள் நம் முன்னோர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நிலைக்களம் நான்கு என்றார். பிறரால் இகழப்படும் இளிவு, உள்ளதைப் பறிகொடுக்கும் இழவு, முன்னைய நிலையினின்றும் தளரும் அசைவு, பொருளில்லா வறுமை என்பன அவை. நான்கையும் நோக்குங்கள். நான்கும் காரணங்கள். காரணம் உண்டு, ஆதலால் அழுகை உண்டு.

இவ்வழுகை நோயன்று. தந்தையை இழந்த மகன் அழுகின்றான், உண்ண மறுக்கின்றான், உறக்கம் இழக்கின்றான். சுற்றத்தார் கூடுகின்றனர். எட்டு நடக்கின்றது; முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கின்றது. துயரம் அலையாய் வருகின்றது, அலையாய்ப் போகின்றது. இடையிலே தந்தையாரின் பழைய பகிடி ஒன்றை யாரேனும் சொன்னால் அவனும் சிரித்துவிடுகின்றான். இழந்த பொருள் பெரிது என்று எண்ணுகின்றானே தவிர, தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று எண்ணுவதில்லை. ஆயினும் ஆறாத துயரம் நாளடைவில் நோயாய் முற்றுவதும் உண்டு. அதையும் மறத்தலாகாது.

மனச்சோர்வு இதனின் வேறு. அதற்கு அலை இல்லை. வற்றும் இல்லை, பெருக்கும் இல்லை. தேங்கிக் கிடக்கின்ற நீர் போல்வது அது. மேற்கூறிய நான்கு காரணங்களுள் ஒன்றைத் தொடர்ந்து வருவதும் உண்டு. ஒரு காரணமுமின்றி வருவதும் உண்டு. உருசிய நாட்டு எழுத்தாளர் தோல்ஸ்தோய் 1877 இல் அன்னா கரேனினா என்னும் நாவலை எழுதி முடித்தார். வயது ஐம்பதை எட்டவில்லை. பெரும்புகழ் இருந்தது, நிலபுலம் இருந்தது, மனைவி மக்கள் இருந்தனர், உடலிலே வலிமையும் இருந்தது. இளிவும் இல்லை, வறுமையும் இல்லை. அப்படியிருந்தும் வாழ்வு முழுவதும் பொருளற்றுப் போய், தம் உயிருக்குத் தாமே பகையாகிவிடுவோமோ என்று தம்மைக் கண்டே அவர் அஞ்சினார். பின்னர் எழுதிய வாக்குமூலம் என்ற நூலிலே இதனை ஒளிவின்றிச் சொல்லியிருக்கின்றார். அவருக்கு வந்ததை இன்றைய மருத்துவர் எப்பெயரால் அழைப்பர் என்பது வேறு விடயம். எல்லாம் இருந்தும் ஒருவர் உள்ளே இருண்டுபோகலாம் என்பதற்கு அவர் சான்று. “உனக்கு என்ன குறை?” என்று நோயாளியை அதட்டுபவர் இதைச் சற்றே நினைத்துப் பார்க்கவேண்டும்.

இனி இதன் குறிகளைக் காண்போம். மருத்துவர் ஒன்பது குறிகள் கூறுவர். நாள் முழுதும் மனம் தாழ்ந்து கிடத்தல் ஒன்று. முன்பு விரும்பிய எதிலும் விருப்பமோ இன்பமோ இன்றிப் போதல் மற்றொன்று. இவ்விரண்டும் தலையாயவை. உறக்கம் கெடுதல் அல்லது மிகுதல், பசியும் உடல் நிறையும் குறைதல் அல்லது கூடுதல், அசதி, சொல்லும் செயலும் மந்தமாதல் அல்லது இருப்புக்கொள்ளாமல் அலைதல், மனத்தை ஒன்றில் நிறுத்த முடியாமையும் முடிவெடுக்க மாட்டாமையும், தான் பயனற்றவன், குற்றவாளி என்னும் எண்ணம், சாவைப் பற்றிய நினைவு என்பன ஏனைய ஏழு. தலையாய இரண்டில் ஒன்றேனும் உட்பட ஐந்து குறிகள், அநேகமாக ஒவ்வொரு நாளும், இரண்டு கிழமைக்குக் குறையாமல் இருந்து, ஒருவரின் அன்றாட வாழ்வைக் குலைத்தால் அது நோய் என்பது அவர்களின் கணிப்பு.

ஆனால் நம்மவர் இக்குறிகளைச் சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் போவதில்லை. “நெஞ்சு பாரமாய் இருக்கின்றது”, “தலை விறைக்கின்றது”, “கைகால் உளைகின்றது”, “சாப்பாடு இறங்குதில்லை” என்றே சொல்லுகின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போக்கிலே ஆராய்ந்தவர்கள், போரினாலும் இடப்பெயர்வினாலும் வந்த உளநோவு நம் மக்களிடத்திலே உடல்நோவாய் வெளிப்படுவதை எடுத்துக் காட்டியிருக்கின்றனர். இன்னும் ஒரு சொல் நம்மிடையே உண்டு. “அவருக்கு ஒரே யோசினை” என்போம். வேண்டிச் சிந்திப்பதன்று இந்த யோசினை, வேண்டாமலே சுழல்வது. ஆபிரிக்காவிலே சிம்பாப்வே நாட்டுச் சோனா மொழியினரும் இந்நோயைக் குஃபுங்கிசிசா என்கின்றனர். அளவுக்கு மிஞ்சி யோசித்தல் என்பதே அதன் பொருள். கடல் கடந்த இரண்டு மொழிகள் ஒரே நோயை ஒரே வகையாற் கண்டிருப்பது வியப்பன்றோ!

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். கணிதம் படிப்பிப்பவர். கொட்டாஞ்சேனையிலே வீடு. மணி அடிக்க முன்னரே பாடசாலைக்கு வந்துவிடும் வழக்கம் உடையவர். ஓராண்டு இரண்டாம் தவணையிலே அவர் பிந்தி வரத் தொடங்கினார். பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகள் திருத்தப்படாமல் மேசையிலே குவிந்தன. சவரஞ் செய்யாத முகம்; மாற்றாத சட்டை. மேலிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆசிரியர் அறையிலே ஒருவர் அவரைச் சோம்பேறி என்றார். மற்றொருவர் குடியோ என்று ஐயுற்றார். வேறொருவர், “அங்கொடைக்கு அனுப்பவேண்டியதுதான்” என்று பகிடி செய்தார். வீட்டாரோ கோயிலிலே நூல் கட்டுவித்தனர்; சாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டினர். சனி மாற்றம் வரை பொறுக்கும்படி சோதிடர் சொன்னாராம்.

ஒருநாள் அவர் மனைவியார் என்னிடம் வந்து, “பண்டிதர் ஐயா, இவர் விடிய மூண்டு மணிக்கே எழும்பிச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். கேட்டா, பிள்ளையளின்ர படிப்பை நான் நாசமாக்கிப்போட்டன் எண்டு சொல்லுறார்” என்று கூறிக் கலங்கினார். முப்பது ஆண்டு படிப்பித்து, நூற்றுக்கணக்கானோரைப் பல்கலைக்கழகம் புகச் செய்தவர் சொல்லும் சொல்லா அது!

மடியின்மை அதிகாரத்தை இந்த இடத்திலே ஊன்றிப் படிக்கவேண்டும். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், அளவிறந்த துயில் என்னும் நான்கையும் கெடவிருப்போர் விரும்பி ஏறுகின்ற மரக்கலம் என்று வள்ளுவர் அங்கே உருவகஞ் செய்தார். விரும்பி என்பதே அதில் உயிர். மடியன் தன் மடியை விரும்புகின்றான். படுக்கை அவனுக்கு இனிக்கின்றது. மனச்சோர்வுடையார்க்குப் படுக்கை இனிப்பதில்லை, முள்ளாய்க் குத்துகின்றது. எழ வேண்டும் என்று அவர் விரும்புகின்றார், எழ முடியவில்லை. முடியவில்லையே என்று தம்மையே நொந்துகொள்ளுகின்றார். மடியனுக்கு இந்த நோதல் இல்லை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலக் காணும் இரண்டையும் பிரித்தறிய இஃது ஒன்றே போதும். நோதலோடு கிடப்பவனை மடியன் என்று ஏசுவது, கால் முறிந்தவனை ஓடவில்லையே என்று அடிப்பதை ஒக்கும்.

இன்னொரு மயக்கமும் நம்மவர்க்கு உண்டு. யாக்கை நிலையாது, செல்வம் நிலையாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒருவர் எல்லாவற்றிலும் வெறுப்புற்றிருந்தால், பக்குவம் வந்துவிட்டது என்று எண்ணி விட்டுவிடுகின்றோம். மானிடவியலறிஞர் கணநாத் ஒபேசேகர 1985 இல் வெளிவந்த கட்டுரை ஒன்றிலே இதனை வேறொரு பக்கத்திலிருந்து எழுப்பினார். மேல்நாட்டார் நோய்க்குறி என்று எழுதிவைத்துள்ள நம்பிக்கையின்மையையும் உலக வெறுப்பையும், நம் நாட்டுப் பௌத்தர் ஒருவர் துக்கத்தின் உண்மையை உணர்ந்த தெளிவாய்க் கொள்ளக்கூடுமே என்று அவர் கேட்டார். கேள்வி ஆழமானது. மேல்நாட்டு அளவுகோலை அப்படியே கொண்டுவந்து எல்லார் மீதும் வைத்து அளந்துவிடலாகாது என்பது சரியே.

அதனாலேயே துறவையும் நோயையும் வேறுபடுத்தி அறியும் கடமை நமக்கு வந்து சேருகின்றது. துறவி பற்றை விடுகின்றார், அன்பை விடுவதில்லை. அவர் உள்ளத்திலே அமைதி பிறக்கின்றது, அறிவு தெளிகின்றது. நோயாளியோ பற்றையும் அன்பையும் ஒருங்கே இழக்கின்றார். அமைதி இல்லை, அறிவு மழுங்குகின்றது. பேரப்பிள்ளை ஓடிவந்து மடியிலே ஏறினாலும் அவருக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. தோன்றவில்லையே என்பதுதான் அவருக்கு மேலும் நரகமாகின்றது. இதனை வைராக்கியம் என்று சொல்லிக் கைகட்டி இருப்பது அறமாகாது.

இனி, நோயை அறியும் வகை. நோய் இன்னது என்று ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, பொருந்தச் செய்க என்பது மருந்து அதிகாரத்தின் கட்டளை. மனச்சோர்வை நேரே காட்டும் இரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை, படமும் இல்லை. வைத்தியர் கேட்டே அறிகின்றார். ஒன்பது குறிகளுக்கும் ஒன்பது வினாக்கள் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளியிட்டு, மொத்தம் 27 இல் எத்தனை என்று பார்ப்பர். 10 உம் அதற்கு மேலும் வந்தால் விரிவாக ஆராய்வர். அட்டவணை ஒரு படிக்கட்டுத்தான், தீர்ப்பன்று.

அவ்வளவில் நின்றுவிடாமல், வேறு நோய் மறைந்து கிடக்கின்றதா என்றும் நோக்குவர். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி மந்தமானால் இதே சோர்வு வரும். குருதிச்சோகையாலும், சில உயிர்ச்சத்துக் குறைவாலும், வேறு நோய்க்கு உண்ணும் மருந்தாலும் வருவதுண்டு. ஆதலின் இரத்தம் எடுத்துப் பார்ப்பது இவற்றை விலக்குதற்கே. முன்பு எப்போதாவது காரணமின்றி மிதமிஞ்சிய களிப்பும், உறக்கமே வேண்டாத ஊக்கமும், கைமீறிய செலவும் இருந்தனவா என்றும் வினவுவர். இருந்தால் அது வேறு நோய்; அதற்கு மருந்தும் வேறு. வீட்டார் இதனை மறையாது சொல்லவேண்டும். பிள்ளை பெற்ற தாயரிடமும் முதியோரிடமும் இந்நோயைத் தவறவிடுதல் எளிது. தாயின் அழுகையைப் பச்சையுடம்பின் இயல்பு என்போம். முதியவரின் மறதியை வயது என்போம். வெள்ளவத்தை மாடிவீடுகளிலே, பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, தொலைபேசி மணியையே நாள்தோறும் எதிர்பார்த்திருக்கும் முதியோர் எத்தனை பேர்! அவர்கள் மெலிவதற்கும் மறப்பதற்கும் மூப்பு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டலாகாது.

அடுத்து, தணிக்கும் வழி. நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவர் வகுத்தார். இவ்வதிகாரத்தின் முடிபு அதுவே. மனச்சோர்வுக்கு இவ்வகுப்பைப்போல் பொருந்துவது வேறில்லை.

மருந்தை முதலிற் கொள்வோம். 1952 இல் நியூயோர்க்கிலே காசநோயாளருக்குக் கொடுத்த ஐப்ரோனியசிட் என்னும் மருந்து, நுரையீரலோடு அவர்கள் உள்ளத்தையும் உயர்த்தியதைக் கண்டனர். சுவிற்சர்லாந்திலே றோலண்ட் கூன் என்ற மருத்துவர் 1957 இல் இமிப்பிரமீன் என்னும் மருந்தின் பயனை வெளியிட்டார். 1987 இல் அமெரிக்காவில் புளுவொக்செற்றின் அனுமதி பெற்றது. அதன் இனத்து மருந்துகளே இன்று பெரிதும் வழங்குகின்றன. மூளையிலே ஒரு பொருள் குறைந்ததால் இந்நோய் வந்தது என்ற பழைய எளிய விளக்கத்தை இன்று அறிஞர் முழுதாய் ஏற்பதில்லை. ஆயினும் மருந்து பலருக்கு உதவுகின்றது என்பது கண்ட உண்மை. நினைவில் வைக்கவேண்டியவை மூன்று. இந்தக் குளிசைகள் தலைவலிக் குளிசை போல உடனே வேலை செய்யா. இரண்டு முதல் நான்கு கிழமை, சிலருக்கு அதற்கும் மேல் செல்லும். சுகம் கண்டவுடன் நிறுத்தலாகாது. பின்னும் ஆறு மாதமேனும் தொடரவேண்டும். நிறுத்தும்போதும் வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும். இவை மதுவைப் போல அடிமைப்படுத்துவன என்பது வீண் அச்சம். உண்ணாமலும் பேசாமலும் கிடக்கும் கடுமையான நிலையில் மின்வலிப்புச் சிகிச்சை உயிர் காக்கும். 1938 இல் உரோமாபுரியிலே தொடங்கிய அது, இன்று மயக்கமருந்து கொடுத்தே செய்யப்படுகின்றது. திரைப்படங்களிற் காட்டும் கொடுமை அன்று.

சொல்லும் மருந்தே. எல்லாம் என் குற்றம், இனி ஒன்றும் ஆகாது என்று தானாய் எழும் எண்ணத்தை நிறுத்தி, அது மெய்தானா என்று நோயாளியோடு சேர்ந்து ஆராயும் முறையை அமெரிக்க மருத்துவர் ஏரன் பெக் 1960 களில் வகுத்தார். இலேசான சோர்வுக்கு இம்முறை ஒன்றே பெரும்பாலும் போதும்; கடியதற்கு மருந்தும் சொல்லும் இரண்டும் வேண்டும். இதற்குப் பட்டம் பெற்றவர்தாம் வேண்டும் என்பதும் இல்லை. முன்சொன்ன சிம்பாப்வேயிலே, டிக்சன் சிபாண்டா என்ற உளமருத்துவர் 2006 இல் பதினான்கு பாட்டிமாரைப் பயிற்றி, மருத்துவ நிலைய முற்றத்து வாங்குகளிலே இருத்தினார். துயருற்றோர் வந்து பக்கத்தில் அமர்ந்து மனந்திறந்து பேசுவர். நட்பு வாங்கு என்று பெயர் பெற்ற இம்முறை நற்பயன் தருவதை 2016 இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. நம் ஊர்களிலே பாட்டிமாருக்குக் குறைவில்லை, திண்ணைகள்தாம் குறைந்துவிட்டன.

நோயுற்றவன் செய்யவேண்டியவற்றைப் பரிமேலழகர் தம் உரையிலே விரித்தார். தன் நிலையை மறையாது உணர்த்துதலும், மருத்துவன்வழி நிற்றலும், மருந்தினால் வருந் துன்பத்தைப் பொறுத்தலும் அவற்றுட் சில. பேணுவோனுக்கும் அவர் இலக்கணம் கூறினார். நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் திறன், அறிவு என்பன அவை. முதலில் நிற்பது அன்பு. கடைசியில் நிற்பது அறிவு. நம்மவர் வீடுகளிலே முன்னதற்குக் குறைவில்லை. பின்னது சில வேளை வாய்ப்பதில்லை. ஊக்கமூட்டும் செய்யுள்களைச் சொல்வதினும், மாலையிலே கையைப் பிடித்துக் கடற்கரை வரை நடத்திச் செல்வது மேல். “எல்லாம் சரியாகும்” என்று வாய்மூடுவதினும், “சொல்லுங்கோ, கேட்கிறேன்” என்று அருகிருப்பது மேல்.

அந்தக் கணித ஆசிரியரைக் குடும்ப வைத்தியர் உளமருத்துவரிடம் அனுப்பினார். முதல் மாதம் மாற்றம் தெரியவில்லை. இரண்டாம் மாதம் அவர் உறங்கினார். மூன்றாம் மாதம் ஒரு பிள்ளையின் கொப்பியை எடுத்துச் சிவப்பு மையால் ஒரு கணக்கைத் திருத்தினாராம். மனைவியார் அந்தக் கொப்பியை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அடுத்த ஆண்டு மணிக்கு முன்னரே வரும் பழைய மனிதராய் அவர் பாடசாலை திரும்பினார்.

திரும்பாதவரும் உண்டு. அதையும் சொல்லாது விடுதல் தகாது. புதுக்கடை என்றவுடனே கொழும்பு மக்களுக்கு நீதிமன்றங்கள் நினைவுக்கு வரும். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி, உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவர் முன்னர் இந்நாட்டிலே குற்றவாளியாய்க் கருதப்பட்டார். அவருக்கு வைத்தியசாலையின் பின்னர் வழக்கு, சிறையும் விதிக்கக்கூடியதாய் இருந்தது. இச்சட்டத்தை நமக்குத் தந்த இங்கிலாந்து 1961 இலேயே தன் நாட்டில் அதனைக் கைவிட்டது. இலங்கை 1998 இல் நீக்கியது. இந்தியா 2017 ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தால் அதன் கடுமையைத் தளர்த்தியது. சட்டம் மாறி ஒரு தலைமுறை ஆகின்றது. வீட்டுக்குள்ளே நாம் நடத்தும் விசாரணை மாத்திரம் மாறவில்லை. குடும்ப மானம் என்னும் பெயரால் அதனை மூடுகின்றோம். கலியாணப் பேச்சுக் கெடும் என்று வைத்தியரைத் தவிர்க்கின்றோம்.

1995 இல் இலங்கையிலே ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் இவ்வாறு இறந்தனர். உலகில் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. கொடிய பூச்சிகொல்லிகளை அரசு ஒவ்வொன்றாய்த் தடைசெய்தது. இருபது ஆண்டுகளுக்குள் அவ்விகிதம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. சாவை நாடும் வேகம் பலருக்கு ஒரு பொழுதின் வேகம். அப்பொழுது கடந்தால் வாழ்வர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. ஆகவே, வீட்டிலே ஒருவர் சோர்ந்திருந்தால் ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்துங்கள். தனியே விடாதீர்கள். “சாகவேணும் போல எண்ணம் வருகிறதா?” என்று நேரே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைப்பதில்லை. கேட்க ஒருவர் இருக்கின்றார் என்பதே பலருக்குப் பிடிகொம்பு.

எங்கே போவது என்று வினவுவோர்க்கு வழி தூரமில்லை. கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலும், வெள்ளவத்தைக்கு அண்மையில் களுபோவிலை வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. அரச வைத்தியசாலையிலே கட்டணம் இல்லை. பகிடிக்குப் பயன்படும் அங்கொடை இன்று தேசிய மனநல நிறுவகம். அதன் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் தமிழிலும் பேசலாம். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ என்னும் தொண்டர் அமைப்பும் துயருற்றோர் சொல்லைப் பொறுமையோடு கேட்கின்றது.

உலகிலே 28 கோடி மக்கள் இந்நோயால் வருந்துவதாக 2019 ஆம் ஆண்டைக் குறித்து உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அத்தனை பேரும் மடியர் ஆகார். அவர்களுள் ஒருவர் நம் வீட்டிலே, அடுத்த அறையிலே, சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடும். அவரிடம் போய் இருங்கள். 61 ஆம் அதிகாரத்தை மூடிவையுங்கள். 95 ஆம் அதிகாரத்தை விரியுங்கள். அங்கே சொல்லப்பட்ட நால்வகையில் மூன்று எங்கேனும் கிடைத்துவிடும். நான்காவதாகிய பேணுவோர் வீட்டிலிருந்தே வரவேண்டும்.